மீன் இன்றியும் அமையும்: பேப்பாறைக் கரையில் ஓர் உரிப்பொருள் ஆய்வு

மீன்பிடிக்கப் போவதற்கு மீன் வேண்டுமா என்ற வினாவைத் தமிழ் இலக்கணம் நேராக எங்கும் எழுப்பவில்லை. ஆனால் விடையை மட்டும் சொல்லிவைத்திருக்கிறது. பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுத்தவர் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வத்தில் தொடங்கி உணவு, விலங்கு, பறவை, தொழில் என்று நீள்வது கருப்பொருள். கூடுவது, பிரிவது, காத்திருப்பது, வருந்துவது, ஊடுவது ஆகிய ஒழுக்கங்கள் உரிப்பொருள். மூன்றில் உரியே தலையாயது. அகப்பாட்டில் முதல் வராமல் போகலாம், கரு வராமல் போகலாம். உரி இல்லாமல் பாட்டு இல்லை. இவ்வளவையும் பள்ளியில் படித்து, தேர்வெழுதி, மறந்தும்விட்ட சமூகம், ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து "என்ன, ஏதாவது மாட்டுச்சா?" என்று கேட்கிறது. கருப்பொருளை உரிப்பொருள் என்று மயங்கியதால் வந்த கேள்வி இது. மயக்கம் தெளிவிக்கவே இந்நூல் எழுந்தது.

மீனெனப் படுவது கருப்பொரு ளாகும்;
இல்லா தாயினும் செலவமை யும்மே.

இச்சூத்திரம் என்ன நுதலிற்றோ எனின், மீன்பிடிக்கச் செல்லும் செலவுக்கு மீன் இன்றியமையாததன்று என்பது உணர்த்துதல் நுதலிற்று. 'செலவு' என்றது போதலை மட்டுமன்று, பெட்ரோலையும் அறை வாடகையையும் தழுவியது என்க. நூற்பா யாத்தவரும் உரை வகுத்தவரும் ஒருவரே ஆதலின், இவ்விடத்துப் பாடபேதமோ கருத்து வேறுபாடோ இல்லை.

ஒரு கூற்றை மெய்ப்பிக்க, ஐயத்துக்குரிய பொருளை நீக்கிவிட்டு மற்றவை நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இங்கே நீக்க வேண்டியது மீன். தூண்டில் போட்டு மீன் மாட்டாமல் திரும்புவது நீக்கம் ஆகாது. அதற்கு வேறு பெயர் உண்டு. ஏரி நிறைய மீன் இருக்க வேண்டும், தூண்டிலும் இருக்க வேண்டும், பிடிக்க மட்டும் வழியே இருக்கக் கூடாது. இப்படி ஓர் ஆய்வுக்கூடத்தை எந்தப் பல்கலைக்கழகம் கட்டித்தரும்? கேரளத்தில் 1983-இலேயே கட்டிவைத்துவிட்டார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, தொளிக்கோடு வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், கொண்டைஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன் வரும் ஊர் வித்துரா. அங்கிருந்து பிரிந்து உள்ளே போனால் கரமனையாற்றின் குறுக்கே பேப்பாறை அணை. தலைநகரத்துக்குக் குடிநீர் தருவதற்காக எழுந்த அணை அது. செயல்பாட்டுக்கு வந்தது 1983-இல். அதே ஆண்டில் சுற்றியுள்ள 53 சதுர கிலோமீட்டர் பரப்பு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் இருக்கும் எந்த வனவுயிரையும் உரிய அனுமதிச்சீட்டு இல்லாமல் அழிக்கவோ அகற்றவோ கூடாது என்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 29-ஆம் பிரிவு. மீன் வனவுயிரா என்று வழக்குரைக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அச்சட்டம் இயற்றப்பட்டபோதே வனவுயிர் என்பதன் வரையறைக்குள் தேனீ, வண்ணத்துப்பூச்சி, நண்டு வகை, மீன், அந்துப்பூச்சி ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். யானையும் புலியும் 'விலங்கு' என்ற பொதுச்சொல்லுக்குள் அடங்கிக் கிடக்க, மீனுக்குத் தனிப்பெயர் மரியாதை. ஆக, எங்கள் ஆய்வில் மீனை நீக்கிய செலவு முழுவதையும் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது.

இதே வித்துராவில்தான் 2008-இல் தொடங்கப்பட்ட ஐசர் என்னும் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் திருவனந்தபுரம் வளாகமும் இருக்கிறது. உண்மையான ஆய்வுகள் அங்கே நடக்கின்றன. எங்கள் முடிவுகள் அவர்களுடைய வேலையைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக அந்தப் பக்கம் போகவில்லை.

துணை ஆய்வாளராக அமைந்தவர் நாகர்கோவிலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் பால்ய நண்பர். தூண்டிற்கோல், தங்கூசி, ஈயக்குண்டு, தக்கை, மூன்று அளவில் முள் என்று கருவிகள் அனைத்தும் அவருடையவை. பேப்பாறையில் தூண்டில் போடக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அத்தனையையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, தங்கூசியைப் புதிதாகச் சுற்றி, காரின் பின்னிருக்கையில் குறுக்காக வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "மீன் பிடிக்கப் போறோம்ல, அது இல்லாம எப்படிடே?" என்றார். இந்த ஒரு வாக்கியத்தோடு ஆய்வை முடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அறைக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது.

காட்டாக்கடை, ஆரியநாடு வழியாகப் போனோம். தங்குமிடம் சரணாலய எல்லைக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தின் கடைசியில். கைப்பேசிக்கு அங்கே வேலை இல்லை. முற்றத்தில் நின்று எட்டிப் பார்த்தால் மரங்களுக்கு நடுவில் நீர்ப்பரப்பின் ஓர் ஓரம் தெரியும். மேகம் விலகினால் அதற்குப் பின்னே அகத்தியர்மலை, 1,868 மீட்டர். தமிழுக்கு இலக்கணம் வகுத்ததாகச் சொல்லப்படும் முனிவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற அச்சம் இந்நூலின் சூத்திரங்களில் வெளிப்பட்டிருக்கும்.

பராமரிப்பாளர் தூண்டிற்கோலைப் பார்த்ததும் கலங்கிவிட்டார். "சாரே, இவிடெ மீன் பிடிக்கான் பற்றூல." தெரியும் என்றோம். தெரிந்தால் பிறகு இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் பேரேட்டை நீட்டினார். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் நண்பர் 'ஃபிஷிங்' என்று எழுதப்போக, அவர் பேனாவைப் பிடுங்கி அடித்துவிட்டு 'ரெஸ்ட்' என்று தம் கையாலேயே எழுதினார். தூண்டிற்கோல் திண்ணைக் கழிகளுக்கு நடுவில் கிடையாகக் கட்டப்பட்டது. மறுநாள் காலையில் அதில் ஈரத்துண்டு காய்ந்தது.

பிறகு முற்றத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை நீர் தெரியும் திசையில் போட்டு உட்கார்ந்தோம். இங்கிருந்துதான் தரவுகள்.

முதலாவது, பேச்சு. மீன்பிடிக்கும் இருவர் பேசுகிற பேச்சுக்குச் சில இலக்கணங்கள் உண்டு. ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேச வேண்டும். இருவர் கண்ணும் தண்ணீரில். கேள்விக்கு உடனே பதில் வரக் கூடாது. கடன், சர்க்கரை அளவு, மகன் படிப்பு போன்றவை எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் வாக்குவாதமாகும். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தபடி பேசினால் தகவலாக மட்டும் நிற்கும். கடையை விற்றுவிடலாமா என்று யோசிப்பதாக நண்பர் சொன்னார். நான் "ம்" என்றேன். ஒரு நீர்க்காகம் முங்கி, எதிர்பார்த்த இடத்தில் எழும்பாமல் வேறெங்கோ எழுந்தது. "விக்கலாம்தான்," என்றேன் அதற்குப் பிறகு. தூண்டில் தண்ணீரில் கிடந்திருந்தாலும் இந்த உரையாடல் இதே வேகத்தில்தான் நடந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

இரண்டாவது, மூன்றாமவர். மீன்பிடிக்கும் இடத்தில் பின்னால் வந்து நிற்கும் ஒருவர் எப்போதும் உண்டு. அவர் பிடிக்க மாட்டார். நேற்று வந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்வது அவர் கடமை. பராமரிப்பாளர் அதை ஏற்றுக்கொண்டார். நேற்று என்று அவர் சொன்னது அணை கட்டுவதற்கு முந்தைய காலம் என்பது மட்டுமே வேறுபாடு. அப்போது ஆற்றில் கிடந்த விரால்களின் நீளத்தை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். போதவில்லை. திண்ணைத் தூணையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது, நிமித்தம். காத்திருத்தல் முல்லையின் ஒழுக்கம். இலக்கணம் 'இருத்தல்' என்பதோடு நிறுத்தாமல் 'இருத்தல் நிமித்தம்' என்றும் சேர்த்துக்கொள்கிறது. இருப்பதற்கு ஏதுவாகச் சுற்றியிருப்பவையும் அவ்வொழுக்கத்தில் அடங்கும் என்பது கருத்து. கட்டன்சாயா, நேந்திரங்காய் சிப்ஸ், ஆளுக்கொரு கொசுவிரட்டிக் களிம்பு ஆகியவை எங்கள் இருத்தல் நிமித்தம். நிலமோ குறிஞ்சி. நீர்நிலையும் மீனும் மருதத்துக்கும் நெய்தலுக்கும் உரியவை. ஒழுக்கம் முல்லை. திணைமயக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை மாணவர்களுக்குக் காட்ட முடியாது. பாடநூல் குழுவினர் கவனிக்க.

இந்த மலையில் காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. சோர்வு நீக்கும் ஆரோக்கியப்பச்சையை 1987-இல் பாலோட்டுத் தாவரவியல் தோட்டத்து அறிவியலாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் காணிகளே. உட்கார்ந்தே சோர்ந்தவனுக்கு அது கேட்குமா என்று விசாரிக்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அவர்களுக்கு மீன் என்றால் சோறு. விழிஞ்ஞத்தில் விடியுமுன் வள்ளம் இறக்குபவருக்கும் அப்படியே. அவர்களிடம் போய் மீன் வெறும் கருப்பொருள்தான் என்று சொல்லும் துணிவு இந்நூலாசிரியனுக்கு இல்லை. வயிறு நிறைந்தபின் தண்ணீரைப் பார்த்து உட்காருபவர்களை மட்டுமே இவ்வாய்வு குறிக்கும்.

இனி முன்னோர் மதம். 1653-இல் வெளிவந்த ஐசக் வால்டனின் 'தி கம்ப்ளீட் ஆங்ளர்' தூண்டில்காரர்களின் வேதம் என்பார்கள். சென்னை மாகாண சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் மங்களூரில் வெளியிட்டது 'தி ராட் இன் இந்தியா'. 1887-இல் நம் ஊர் ஏரி குளங்களுக்கென்றே எழுதியது 'டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா'. இம்மூன்று தலைப்புகளிலும் தூண்டில் இருக்கிறது, தூண்டில்காரன் இருக்கிறான், குளம்கூட இருக்கிறது, மீன் இல்லை. தலைப்பில் மீனை வைத்தவர் சென்னைப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே. அவருடைய 'தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா' 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்தது. 1860-களில் நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை விட்டு வளர்க்க முயன்று தோற்றவரும் அவரே. மீனை முன்னிறுத்தினால் என்ன நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நீலகிரியை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே துரைமார்களுக்கு மலை இருந்தது, குளிர் இருந்தது, ஓடை இருந்தது, தனிமையான குடில் இருந்தது, கூட வர நண்பன் இருந்தான், லண்டனிலிருந்து வரவழைத்த கோலும் இருந்தது. பிடிக்கத் தகுந்ததாக அவர்கள் கருதிய மீன் மட்டும் இல்லை. யாராவது ஊருக்குத் திரும்பிப் போனார்களா? மீனை வரவழைக்க ஆள் மாற்றி ஆள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முயன்றார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே அது கைகூடியது. 1879-இலேயே நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். சட்டம் முதலில், டிரவுட் பிறகு. முக்குருத்தி மலையில் 'ஃபிஷிங் ஹட்' என்ற பெயரில் ஒரு குடில் இன்றும் இருக்கிறது. சுற்றியுள்ள காடு தேசியப் பூங்காவாகிவிட்டது. பெயரில் மட்டும் தூண்டில் தொங்கும் குடில் என்ற வகையில் அது எங்கள் திண்ணைக்கு மூத்த உறவு.

துணையில் தூண்டில் துறவெனப் படுமே.

இது நண்பனின் இன்றியமையாமை கூறிற்று. தனியே தூண்டில் போடுபவன் மீனுக்காகப் போகிறான், அல்லது வீட்டிலிருந்து தப்பிக்கப் போகிறான். முன்னது தொழில், பின்னது துறவு. இங்கிலாந்தில் டவ் ஆற்றங்கரையில் சார்ல்ஸ் காட்டன் 1674-இல் ஒரு மீன்பிடி மாளிகை கட்டினார். கல்லாலான ஒற்றை அறை. வாசலுக்கு மேல் தம் பெயரின் முதலெழுத்துகளையும் வால்டன் பெயரின் முதலெழுத்துகளையும் ஒன்றோடொன்று பின்னிச் செதுக்கச் செய்தார். மீனின் உருவத்தை அந்த இடத்தில் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. வால்டன் பிறந்தது 1593, காட்டன் 1630. முப்பத்தேழு வயது இடைவெளி உள்ள இருவர், அதிலும் ஒருவர் பக்தர், மற்றவர் கடன்காரர், ஒரு திண்ணையில் உட்கார்வதற்குத் தண்ணீரும் ஒரு சாக்கும் தேவைப்பட்டிருக்கின்றன.

தமிழ் மரபு இதையும் கடந்து போயிற்று. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் பார்க்காமலே நண்பர்கள். நண்பனைக் காணாமலே நட்பு நிலைக்கும் என்று ஒப்புக்கொண்ட சமூகம், மீனைத் தொடாமலே மீன்பிடிப்பு நிகழும் என்பதை மறுக்க இடமில்லை. பெரியதற்கு ஒப்புக்கொண்டவர் சிறியதற்கும் ஒப்ப வேண்டும் என்பது நியாயம்.

குறுந்தொகையின் 54-ஆம் பாட்டைப் பாடியவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர். இயற்பெயர் தொலைந்துபோய், பாட்டில் வந்த உவமையே பெயராகிவிட்டது. தினைக்காவலர் கவண்கல் ஒலிக்கு வெருண்ட யானை, வளைத்துப் பிடித்திருந்த பசுமூங்கிலை விட்டுவிட, அது தூண்டிற்கோலைப் போல மேலே எழுகிறது. நெய்தலில் வர வேண்டிய தூண்டில் குறிஞ்சிக்கு ஏறிவந்துவிட்டது. இன்னும் முக்கியமானது, பாட்டில் உண்மையான தூண்டிலும் இல்லை, மீனும் இல்லை, இருப்பது மூங்கில். தலைவியோ தான் இங்கே இருப்பதாகவும் தன் நலன் அவனோடு அங்கேயே தங்கிவிட்டதாகவும் சொல்கிறாள். நாற்காலியில் உடலும் தண்ணீரில் கண்ணுமாக இருந்த என் நண்பரின் மெய்ப்பாடும் ஏறக்குறைய இதுவே. அன்றிரவு ரப்பர் தோட்டத்துக்கு அப்பால் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. "ஆன," என்றார் பராமரிப்பாளர், விளக்கை அணைத்துக்கொண்டே. பேப்பாறைக் காட்டில் யானையும் உண்டு, மூங்கிலும் உண்டு. உவமையைக் களத்தில் சரிபார்க்க வெளியே போகலாமா என்று கேட்டேன். துணை ஆய்வாளர் கதவைத் தாழிட்டார்.

ஏனிருந் தீரென வினவுநர் வாயடை
கோலே தூண்டிற் கோலெனப் படுமே.

மீன் தேவையில்லை என்றால் தூண்டில் எதற்கு, வீட்டிலேயே இருவரும் உட்கார்ந்து பேசினால் போதாதா என்று ஒருவர் வினவக்கூடும். இச்சூத்திரம் அவர்களை நோக்கியது. நாற்பது வயதைக் கடந்த இரண்டு ஆண்கள், சாராயமும் சீட்டுக்கட்டும் இல்லாமல், ஒரு காரியமும் இல்லாமல், மாலைவரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு நம் ஊரில் அனுமதி இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் சிலிண்டர் பதிவு செய்யச் சொல்வார்கள். கோயில் படிக்கட்டில் உட்கார்ந்தால் உடம்பு சரியில்லையா என்பார்கள். தூண்டிலோடு உட்கார்ந்தால் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. ஏதோ வேலையாக இருக்கிறார்கள் என்று விலகிப் போகிறார்கள். தூண்டிற்கோல் மீனை நோக்கி நீட்டப்படுவதாகத் தோன்றினாலும், உண்மையில் அது கரைப்பக்கம் காவல் காக்கும் கோல். நண்பரின் மனைவி தொலைபேசியில், அதாவது சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நாங்கள் நடந்து போனபோது, "என்ன செய்றீங்க?" என்று கேட்டார். "மீன் பிடிச்சிட்டு இருக்கோம்," என்றார் இவர். கேள்வி அத்துடன் முடிந்தது. கோல் அப்போது திண்ணையில் துண்டோடு தொங்கிக்கொண்டிருந்தது.

பேப்பாறைத் தண்ணீர் கீழே அருவிக்கரைக்குப் போகிறது. அங்கே ஆற்றங்கரைப் பகவதி கோயிலில் பக்தர்கள் மீன்களுக்கு இரை போடுகிறார்கள், மீனூட்டு என்பார்கள். இரை உண்டு, முள் இல்லை. கரையில் நிற்பவர்கள் கூட்டமாக, மகிழ்ச்சியாக, தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறார்கள். எங்கள் முடிவுக்கு ஒரே ஆற்றில் இன்னொரு சான்று கிடைத்ததால் வேறு ஆறுகளைத் தேடவில்லை.

உணவைப் பற்றி நீளமாகவே எழுதலாம், ஆனால் அது ஆய்வின் தரத்தைக் குலைக்கும். சுருக்கமாக: வித்துராக் கடைவீதியில் மரச்சீனியும் சாளைக் கறியும். மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. சாளை கடலிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் இரண்டுசக்கர வண்டியேறி வந்தது. குடம்புளி நன்றாக ஊறி, குழம்பு சட்டியின் ஓரத்தில் கறுத்துத் திரண்டிருந்தது. ஏரிக்கரையில் தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள் கடல்மீனை விலைகொடுத்து உண்டார்கள் என்பதில் முரண் எதுவும் இல்லை. தூண்டில்காரர்கள் சந்தையில் மீன் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவது உலகெங்கும் வழக்கம். நாங்கள் இடையில் வரும் பொய்யை மட்டும் நீக்கினோம்.

பொய் நீங்கிவிட்டது என்று எழுதியது அவசரம். திரும்பும் வழியில் ஆரியநாட்டில் டீ குடித்தபோது, நீர்ப்பரப்பின் ஓரத்தில் ஒரு விரால் புரண்டதைத் தாம் பார்த்ததாக நண்பர் கடைக்காரரிடம் சொன்னார். முழங்கை அளவு. காட்டாக்கடையில் மைத்துனரிடம் தொலைபேசியில் பேசும்போது அது முழங்காலளவு ஆயிற்று. தப்பிய மீன் வளரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூண்டிலே போடாத மீனும் அதே வேகத்தில் வளரும் என்பது இங்கே முதன்முறையாகப் பதிவாகிறது. களியக்காவிளையில் எல்லை தாண்டியபோது அதற்கு மீசை இருந்தது. விராலுக்கு மீசை கிடையாதே என்றேன். "அப்ப கெளுத்தியா இருக்கும்," என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேலாய்வுக்கான பரிந்துரை ஒன்று மட்டும். மீன் நீக்கப்பட்டுவிட்டது, தூண்டில் திண்ணையோடு நின்றுவிட்டது. அடுத்து முதற்பொருளில் கைவைத்து ஏரியையும் நீக்கிப் பார்க்க வேண்டும். கோடையில் ராமநாதபுரம் பக்கம் ஏதேனும் ஒரு வறண்ட கண்மாய்க்கரை போதும், நடுவில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் இருந்தாலும் பாதகமில்லை. திட்டத்தை நண்பரிடம் சொன்னேன். வரச் சம்மதித்தார். ஆனால் இப்போதிருக்கும் கோல் அந்தக் கண்மாய்க்குச் சின்னது, இன்னும் நாலடி நீளமாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்கிறார்.